என் பார்ட்னரின் இடது பக்கம்

அவளுடைய இடது கண் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவளுக்கு முன்பே எனக்குத் தெரியும். டாக்டருக்கு முன்பே தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் எனக்கும் ஏதோ திடீரென்று தெரியவந்ததுபோல ஆகிவிடும். அந்தச் சலுகையை எனக்கு நானே கொடுத்துக்கொள்ள இஷ்டமில்லை.

அவள் ஜப்பானியப் பெண். ஒரு காலத்தில் அங்கே ஒரு கம்பெனி அணிக்காகப் பேட்மிண்டன் ஆடியவள். என்னைவிட நாலு வயது மூத்தவள் என்பதால் ‘அவர்’ என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் ஒரே கோர்ட்டில் நாலு வருஷம் அவள் முதுகைப் பார்த்தும் என் முதுகை அவளுக்குக் காட்டியும் ஆடியாகிவிட்டது. இனிமேல் மரியாதை கொடுத்தால் அவளே சிரிப்பாள்.

நான் மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவள். ஆக்லாந்துக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. நியூ லின்னில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறேன். கண்ணாடிக்கடை என்றால் மூக்குக்கண்ணாடி. உள்ளே கண்களைச் சோதிக்கும் அறை இருக்கிறது. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் ஆட்களை இயந்திரத்தில் உட்கார வைத்துச் சோதனை எடுப்பது என் பொறுப்பு. இதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்களைச் சேர்த்துவைத்தது என் கணவர். மங்கரேயில் விமானச் சரக்குக் கிடங்கில் அவருக்கு வேலை. அடுத்த அலுவலகத்தில் ஜப்பான் சரக்குகளின் காகிதங்களைச் சரிபார்க்கும் பெண் அவள். “பேட்மிண்டன் ஆடுவாங்களாம் லா. ஒனக்குத்தான் ஆள் கெடைக்கலனு பொலம்பிக்கிட்டு இருக்கியே, கூப்பிட்டுப் பாரு” என்றார். எவ்வளவு ஆடுவாள் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை காலை அவள் ஹாலுக்குள் வந்தாள். கோர்ட்டின் கோட்டுக்கு வெளியே நின்று, யாருமே இல்லாத கோர்ட்டைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், புதிதாகக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள், கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆடுவோம் என்று நினைத்தேன். பதினைந்து நிமிஷத்தில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். அவளுக்கு நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. என் வாழ்க்கையில் அதுவரை நான் ஜெயித்தது கோயில் திருவிழாக் குலுக்கலில் ஒரு குடை. அன்றைக்கு வீட்டுக்கு வரும்போதே இவளோடு சேர்ந்தால் ஒரு கோப்பை வாங்கிவிடலாம் என்ற எண்ணம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

அந்த எண்ணம்தான் பிறகு எல்லாவற்றையும் செய்தது.

அவள் தன் பழைய ஆட்டத்தைப் பற்றித் தானாகப் பேசமாட்டாள். ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில், ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த பால் ஊற்றாத தேநீரைக் குடிக்கும்போது, நான் கிண்டிக் கிண்டிக் கேட்டால் கொஞ்சம் வரும். நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். அவளுடையது சின்னச் சின்ன வாக்கியம். என்னுடையது வாய்க்கு வந்த மலேசிய ஆங்கிலம். அதையெல்லாம் இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

பனி பெய்யும் ஊரில் பிறந்தவள். பள்ளிக்கூட ஹாலின் ஜன்னல்களைக் குளிர்காலத்தில் பனி பாதிவரை மூடிவிடுமாம். பள்ளி முடிந்ததும் ஒரு கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. காலையில் கம்பெனிக்கு வரும் தபால்களைப் பிரித்து மேசை மேசையாகக் கொடுக்க வேண்டும். மதியத்திலிருந்து இருட்டும்வரை கோர்ட்டில். இரட்டையர் ஆட்டத்தில் அவள் பின்னால் நின்று அடிப்பவள், வலைக்குப் பக்கத்தில் நிற்க இன்னொருத்தி. ஒரே மாதிரி யோசிக்க வேண்டும் என்பதற்காக இருவரையும் விடுதியில் ஒரே அறையில் போட்டிருந்தார்கள். ஒருத்தி இருமினால் மற்றவளும் எழுந்துவிடுவாளாம். தேசிய அணிக்குப் பக்கத்தில் போய், இரண்டாம் வரிசையில் நின்று, சில வெளிநாட்டுப் போட்டிகள் ஆடியிருக்கிறார்கள். கோலாலம்பூருக்கும் ஒரு முறை வந்திருக்கிறார்கள்.

“நான் பார்த்திருக்கிறேன்” என்றேன். “ரெண்டு ஜப்பான் பொண்ணுங்க. கச்சான் கடலை தின்றுகொண்டே உங்களைப் பார்த்து ஊளையிட்டது நான்தான்.”

“அது வேறு யாராவது இருக்கும்” என்றாள்.

“நீதான்.”

“நாங்கள் முதல் சுற்றிலேயே தோற்றோம். ஊளையிட நேரமே இருந்திருக்காது.”

அந்த அணியில் ஒரு வழக்கம். ஒவ்வொருத்தியும் தினமும் ஒரு நோட்டில் எழுதிப் பயிற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். எத்தனை மணி நேரம் தூங்கினாய், என்ன சாப்பிட்டாய், எங்கே வலிக்கிறது, மனம் எப்படி இருக்கிறது. அவர் சிவப்பு மையில் ஒரு வரி எழுதித் திருப்பித் தருவார். வலி என்ற இடத்தில் அவள் ஆடிய எட்டு வருஷமும் எழுதியது ஒன்றுதான்: பிரச்சினை இல்லை. வலிக்கிறது என்று எழுதினால் உன் இடத்தில் நாளைக்கே சின்னவள் ஒருத்தி நிற்பாள் என்றாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனைவோம் என்கிற தொனியில் சொன்னாள்.

கண் விஷயம் பேச்சில் வந்தது நாங்கள் சேர்ந்து ஆடிய இரண்டாம் வருஷம். பயிற்சியில் ஆண்கள் எதிரே நின்று அடிப்பார்களாம். ஒருநாள் ஒருவன் முழுப் பலத்தில் அடித்த ஷட்டில் இவளுடைய இடது கண்ணில் நேராக இறங்கியது. கண்ணுக்குள் இரத்தம் கட்டி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் தலையை அசைக்காமல் படுத்திருந்தாள். இரத்தம் வடிந்தது, பார்வை திரும்பியது. அனுப்பும்போது அங்கிருந்த டாக்டர் ஒன்று சொல்லியிருக்கிறார். இந்தக் கண்ணில் அழுத்தம் பத்து வருஷம் கழித்து ஏறலாம், இருபது வருஷம் கழித்தும் ஏறலாம், வலிக்காது, சாகும்வரை வருஷத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொள் என்று.

கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கும் நான் தேநீர்க் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டேன்.

“இப்போ சோதிக்கிறியா?”

“இங்கே வந்த புதிதில் ஒரு முறை. நன்றாகத்தான் இருந்தது.”

அவள் வந்து அப்போதே பன்னிரண்டு வருஷத்துக்கு மேல். எங்கள் கடைக்கு வா என்றேன். சரி என்றாள். அவளுடைய ‘சரி’க்கு, நீ சொன்னது காதில் விழுந்தது என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அதற்கு மேல் இழுக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு என் மனதில் தங்கியது அந்த டாக்டர் சொன்னது அல்ல. அடுத்து அவள் சொன்னதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவள் நோட்டில் ‘கண்: பிரச்சினை இல்லை’ என்று எழுதிவிட்டுக் கோர்ட்டில் இறங்கியிருக்கிறாள். உண்மையில் இடது பக்கம் வரும் ஷட்டில் பல மாதங்களுக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது. முன்னால் நின்ற அறைத்தோழி எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அரையடி இடது பக்கம் தள்ளி நின்றாள். இவளுக்குத் தெரியாத ஷட்டிலையெல்லாம் அவளே எடுத்தாள். பயிற்சியாளருக்குக்கூடத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இவளுடைய ஆட்டம் அத்தோடு முடிந்திருக்கும்.

“ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை” என்றாள் என் பார்ட்னர். “அதுபோல ஒருத்தி எனக்குப் பிறகு அமையவே இல்லை.”

எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல், முகம் தெரியாத அந்த அறைத்தோழி மேல் பொறாமைப்பட்டேன். என் பார்ட்னருக்குப் பிற்பாடு நடந்ததெல்லாம் சுருக்கமான கதை. அறைத்தோழி கல்யாணம் செய்துகொண்டு ஆட்டத்தை விட்டாள். புதிதாக வந்தவளோடு ஒத்துவரவில்லை. இரண்டு வருஷம் வரிசையில் இறங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் மதியமும் தபால் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். பிறகு கல்யாணம், ஆக்லாந்து, மகனுடைய படிப்புக்காக எப்சத்தில் வீடு. மகன் படித்து முடித்து வெலிங்டனுக்குப் போய்விட்டான். கணவர் அதற்கு முன்பே போய்விட்டார். சின்ன யூனிட் வீடு ஒன்றில் அவள் தனியாக இருக்கிறாள்.

போன வருஷம் ஜூன் மாதம் ஆரம்பித்தது.

குளிரில் ஹாலின் தரை ஜில்லென்று இருந்த ஒரு சனிக்கிழமை. அவளுடைய இடது மூலைக்கு ஒரு ஷட்டில் போனது. சாதாரண ஷட்டில், கையைக் குறுக்கே கொண்டுபோய்ப் பின்கையால் சும்மா தட்டிவிடலாம். பின்கை எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தகராறு, அவளுக்கு அதுதான் பெருமை. அவள் கையைத் தூக்கவே இல்லை. ஷட்டில் அவள் காலுக்குப் பக்கத்தில் டொக்கென்று விழுந்தது. அவள் இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவறவிட்டவள் தரையைப் பார்ப்பாள், அல்லது மட்டையைப் பார்ப்பாள், அல்லது என்னைப்போல லைட்டைத் திட்டுவாள். இவள் அது எங்கே போனது என்று தேடினாள்.

அடுத்த வாரம் இரண்டு. அதற்கடுத்த வாரம் அவள் “ஒனெகாய்!” என்று கத்தினாள். தயவுசெய்து, நீ எடு என்று அர்த்தம். ஜப்பானில் இரட்டையர் ஆட்டத்தில் இப்படித்தான் கூப்பிடுவார்களாம். மூன்று வருஷத்தில் அவள் அந்த வார்த்தையைப் பத்துத் தடவைகூடச் சொன்னதில்லை. கேட்டு வாங்குகிறவள் அல்ல அவள். அன்றைக்கு ஒரே ஆட்டத்தில் ஆறு முறை சொன்னாள். ஆறும் இடது பக்கம்.

கடையில் எங்கள் கண் டாக்டர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கண் அழுத்த நோய் வந்தவர்களைப் பார்த்து அனுப்பிய பிறகு என்னிடம் எப்போதும் ஒன்றைச் சொல்லுவாள். அந்த ஜூலையில் ஒரு மத்தியானமும் சொன்னாள். “ஒரு கண்ணில இருக்கிற ஓட்டையை மற்றக் கண் மூடிக் குடுக்கும் அக்கா. அதாலதான் சனத்துக்குத் தெரியாது. எல்லாம் போனாப் பிறகு வந்து நிக்குதுகள்.” நான் ஓம் போட்டுக்கொண்டே லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த லென்ஸையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை நான் அரையடி இடது பக்கம் தள்ளி நின்றேன்.

யோசித்துச் செய்யவில்லை என்று சொன்னால் பொய். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். அவள் முதலில் அடிக்கும்போதே நான் இடது பக்கம் சாய்ந்துவிடுவேன். எதிராளி கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து அதற்கு முன்பே ஓடிவிடுவேன். பாதிக் கோர்ட்டுக்கு மேல் நானே ஆடினேன். என் முழங்கால் வீங்கியது, இடுப்பு பிடித்துக்கொண்டது, ஆனால் ஆட்டம் அப்படி ஒரு ஆட்டம். என் வயதுக்கு நான் அவ்வளவு நன்றாக ஆடியதே இல்லை. நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். “ஒனெகாய்” நின்றுபோனது. அவள் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது அவள் என் தோளைத் தொட்டு, “நீ நல்ல பார்ட்னர்” என்றாள். அந்த அறைத்தோழியை நான் தோற்கடித்துவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் கணவருக்கு ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒருநாள் காரில் வரும்போது கேட்டார், “ஏன் லா அவங்க பக்கமும் நீயே ஓடுற? அவங்களுக்குக் கண்ணு தெரியலியா?”

கிண்டலாகத்தான் கேட்டார். “சும்மா இருங்க, ஒங்களுக்கு என்ன தெரியும்” என்று எரிந்து விழுந்தேன். அவர் ரேடியோவைப் போட்டார்.

பிறகு ஒவ்வொன்றாக எனக்குத் தெரிய ஆரம்பித்தது. அவளுடைய காரின் இடது பக்கக் கதவில் ஒரு கீறல். ஆகஸ்டில் அதன் மேலேயே இன்னொரு கீறல், கம்பத்தின் மஞ்சள் பெயிண்ட்டோடு. ஹாலின் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு கதவிடம் மன்னிப்புக் கேட்டாள். ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீரை ஊற்றும்போது கப்புக்கு வெளியே ஊற்றினாள். நான் சட்டென்று கப்பை நகர்த்தி நீட்டினேன். அங்கேயும் நான் இடது பக்கம் நின்றுகொண்டேன். நடக்கும்போது இடது பக்கம், படியிறங்கும்போது இடது பக்கம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதற்கு என்னிடம் இரண்டு காரணம் உண்டு. கேட்காமல் இருப்பதுதான் பெரிய அன்பு என்று அவள் வாயாலேயே கேட்டிருந்தேன். இது நல்ல காரணம், வெளியில் சொல்லலாம். இன்னொன்று, அக்டோபரில் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான இரட்டையர் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தோம்.

ஆகஸ்டில் ஒருநாள் மனசு கேட்காமல் கடைக் கம்ப்யூட்டரில் அவள் பெயருக்கு ஒரு வியாழக்கிழமை நேரம் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை, போட்டு மட்டும் வைத்தேன். அன்று மாலையே யோசித்தேன். அழுத்தம் இருந்தால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். இன்னும் எட்டு வாரம்தானே. அவளுடைய பெயரைப் பிடித்து இழுத்துப் போட்டி முடிந்து வரும் வியாழக்கிழமையில் விட்டேன். திரையில் ஒரு சின்னக் கட்டம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போனது, அவ்வளவுதான். அந்தக் கட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

போட்டியன்று காலை மழை. ஹாலின் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் நடுவர் சொல்வது கேட்கவில்லை. அவள் வழக்கம்போலக் கோட்டுக்கு வெளியே நின்று குனிந்து வணங்கினாள். நானும் பக்கத்தில் நின்று குனிந்தேன், அதற்குள் நானும் பழகியிருந்தேன். இரண்டு சுற்று சுலபமாகப் போனது. இறுதி ஆட்டத்தில் எதிரே இரண்டு உயரமான பெண்கள். அதில் ஒருத்தி கெட்டிக்காரி. முதல் ஐந்து புள்ளியிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாமே இடது பக்கம்தான் வந்தது. அவர்கள் ஈவிரக்கம் இல்லாமல் அங்கேயே அடித்தார்கள். ஆட்டத்தில் அது தப்பில்லை. ஓட்டை தெரிந்தால் அங்கேதான் அடிக்க வேண்டும். என் இடத்தில் வேறு யார் நின்றிருந்தாலும் அந்த ஓட்டை அவளுக்கே தெரியும்படி விட்டிருப்பார்கள். நான் ஓடினேன். இருபது, இருபது. இருபத்தொன்று, இருபது. கடைசி ஷட்டில் அவளுக்கும் கோட்டுக்கும் நடுவில் இறங்கியது. நான் அவள் முன்னால் பாய்ந்து விழுந்து எடுத்தேன். அது வலைக்கு மேல் தட்டி அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

நான் தரையில் கிடந்தபடியே பார்த்தேன். எதிராளிகள் கை குலுக்க வலைக்கு வந்தார்கள். அந்தக் கெட்டிக்காரி அவளுடைய இடது பக்கத்திலிருந்து கையை நீட்டினாள். என் பார்ட்னர் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். நீட்டிய கை அவள் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் நின்றது. ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று நொடி. கெட்டிக்காரியின் முகம் மாறியது. கையை எடுத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். அரங்கில் யாரோ சிரித்தார்கள்.

நான் எழுந்து ஓடிப்போய் அவள் முழங்கையைத் தொட்டுத் திருப்பினேன். அவள் திரும்பி, அந்தப் பெண்ணைப் பார்த்து, புரிந்துகொண்டு, இடுப்பு மடியும்வரை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கை எங்கே என்று எனக்குத் தெரிந்திருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. கோப்பையோடு வீட்டுக்கு வந்த அன்றிரவு, வியாழக்கிழமை நேரத்தை அவளுக்கு மெசேஜில் அனுப்பினேன்.

வியாழக்கிழமை அவள் அந்த நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்பே கடைக்கு வந்தாள்.

பார்வைப் பரப்பைச் சோதிக்கும் இயந்திரம் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்து நிறுத்தியதுபோல இருக்கும். அதற்குள் முகத்தை வைத்து, நடுவில் இருக்கும் மஞ்சள் விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்ன வெளிச்சம் வந்து போகும். தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுப் பேரை அப்படி உட்கார வைக்கிறேன். மனிதர்கள் எதையெல்லாம் பார்க்கவில்லை என்று காகிதத்தில் எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

முதலில் வலது கண். டிக், டிக் என்று அழுத்திக்கொண்டே இருந்தாள். ஆட்டக்காரியின் கை, ஒன்றையும் விடவில்லை. பிறகு வலது கண்ணை மூடி, இடது கண்ணுக்கு ஆரம்பித்தேன்.

அவள் அழுத்தவில்லை. என் திரையில் வெளிச்சங்கள் வந்துகொண்டே இருந்தன. மேலே, கீழே, மறுபடி மேலே. இயந்திரத்தின் உள்ளே ஏதோ நகரும் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிக் காட்டியது. ஒரு முறை சந்தேகத்தில்போல அழுத்தினாள், பிறகு இல்லை. மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். கிண்ணத்துக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

“இன்னும் ஆரம்பிக்கவில்லையா?”

அவள் பொத்தானைப் பிடித்திருந்த கையின் மேல் என் கையை வைத்தேன்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தாள். கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பு, ஒரு ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவு வெளுப்பு. அழுத்தத்தை இரண்டு முறை அளந்தாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“போனது திரும்பாது அக்கா. மிச்சத்தை வேணுமெண்டால் பிடிச்சு வைக்கலாம். ரெண்டு மூண்டு மாசத்துக்கு முந்தி எண்டாலும் இவ்வளவு போயிருக்காது. இவவுக்கு ஒருக்காலும் வித்தியாசமாத் தெரியேல்லையாமோ? பக்கத்தில இருக்கிற ஆக்களுமோ கவனிக்கேல்லை?”

“தெரியல” என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

டாக்டர் சொல்லும்வரை அவள் கார் ஓட்டக்கூடாது. அவளுடைய காரை நானே எடுத்தேன். கீறல் விழுந்த கதவைத் திறந்து அவள் இடது பக்கம் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி போகும் வழியில் நியூ லின் ரயில் பாலம் தாண்டியதும் கேட்டாள்.

“எப்போதிலிருந்து தெரியும்?”

“ஜூன்.”

அவள் விரலை மடக்கினாள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். ஐந்து விரலும் மடங்கிக் கை மூடிக்கொண்டது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். என்னை மன்னித்துவிடு என்றேன். ஆகஸ்டில் நேரம் போட்டதையும் அதை நகர்த்தியதையும் சொன்னேன். கோப்பைக்காகத்தான் என்றேன். அழுதுகொண்டே ஓட்டினேன். அவள் அழவில்லை.

“எனக்கும் ஏதோ தெரியும்” என்றாள். “எட்டு வருஷம் எழுதிய கை. பிரச்சினை இல்லை என்று எழுதி எழுதி, எனக்கே அதுதான் உண்மையாகிவிட்டது.” கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடியும் பேசினாள். “அவளும் ஒருத்தி. என் அறையிலேயே தூங்கியவள். அவள் கேட்டிருந்தால் நான் அப்போதே சொல்லியிருப்பேன். இருபத்தைந்து வருஷமாக அதை அன்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.”

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, வழக்கம்போல அவளுடைய இடது பக்கம் போய் நின்றேன். “அந்தப் பக்கம் வராதே” என்றாள்.

அறுவை சிகிச்சை நடந்தது. இடது கண்ணில் இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும் பிரிந்து தெரிகிறது. ஒரு கண்ணில் வந்தால் மற்றதையும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். காலையும் மாலையும் சொட்டு மருந்து. மாதக்கணக்கில் அவள் ஹால் பக்கம் வரவில்லை. என் ஃபோனை எடுத்தாள், சரி என்றாள், வைத்தாள். கோப்பையை நான் அலமாரிக்குள் துணிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, கண்ணுக்குத் தடித்த பிளாஸ்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, டாக்டர் அனுமதியோடு வந்து நின்றாள். கோர்ட்டை வணங்கினாள். என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துக் கோர்ட்டின் படம் வரைந்திருந்தாள். அவள் பார்க்காமல் விட்ட ஷட்டில் விழுந்த இடத்தில் நான் ஒரு குறி போட வேண்டும். அவள் பக்கம் வருவதை நான் எடுக்கக்கூடாது. அப்படியானால் ஆடலாம் என்றாள்.

அவள் பக்கத்தில் ஷட்டில் விழும்போது காலைத் தரையில் ஊன்றி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். எதிரே நிற்பவர்கள் இவள் என்ன பார்ட்னர் என்பதுபோல என்னைப் பார்க்கிறார்கள். முதல் நாள் முடிந்ததும் நோட்டில் ஏழு குறி போட்டுக் கொடுத்தேன். அவள் வாங்கி, நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எண்ணினாள்.

“ஒன்பது” என்றாள். “விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.”

பேனாவைத் திரும்ப வாங்கி இன்னும் இரண்டு போட்டேன். அதற்குப் பிறகு நான் குறைத்ததில்லை. வாராவாரம் இடது பக்கம் ஒன்பது, பத்து, எட்டு. அது போன கண், அதைப் பார்க்க எனக்கு இப்போது பழகிவிட்டது.

போன சனிக்கிழமை வலது பக்கம் ஒன்று விழுந்தது.

மெதுவான ஷட்டில். அவள் மட்டையைத் தூக்கவில்லை. டொக்கென்று விழுந்ததும் எங்கே என்று தேடினாள். ஒன்றே ஒன்றுதான். வலது பக்கம் யாரும் ஒன்றைத் தவறவிடலாம், நானே அன்றைக்கு நாலு விட்டேன். ஆட்டம் முடிந்து நோட்டைத் திறந்து இடது பக்கக் குறிகளை எல்லாம் போட்டேன். பேனா வலது பக்கத்துக்கு மேல் நின்றது. அவள் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். கப்பின் விளிம்பை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஊற்றக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

குறியைப் போட்டு நோட்டை அவளிடம் கொடுத்தேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். கப்பைக் கீழே வைத்தாள்.

“வியாழக்கிழமை வரட்டுமா?” என்றாள்.

“இல்லை, இப்பவே” என்றேன். சனிக்கிழமைகளில் கடை ஒரு மணிவரை திறந்திருக்கும். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. மட்டைகளை அப்படியே பெஞ்சில் போட்டுவிட்டுக் கிளம்பினோம், கோர்ட்டை வணங்க அவளுக்கும் ஞாபகம் வரவில்லை.